கேம்பர் சாண்ட்ஸில் கேரவன் விடுமுறை: அறைகளை எண்ணுங்கள், கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். கணவர், நான், ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், மாமி என ஐந்து பேர். மாமிக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. இந்தக் கோடையில் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரை விடுமுறைப் பூங்காவில் திங்கள் முதல் வெள்ளி வரை கேரவன் எடுக்க நினைக்கிறோம். 'ஆறு பேர் தங்கலாம்' என்று போட்டிருக்கும் கேரவன் போதுமா? கூடுதல் பணம் கொடுத்து உயர்ந்த தரத்தில் எடுக்க வேண்டுமா? மாமி சோறு கறி இல்லாமல் இருக்கமாட்டார். அங்கே சமைக்க முடியுமா? ஆகஸ்டில் விலை அதிகம் என்பதால் பாடசாலை நாட்களில் போகலாமா? பிள்ளைகள் கடலில் இறங்குவது பாதுகாப்பா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற நான்கிலும் தவறினால் பணமும் தூக்கமும்தான் போகும்.

கேம்பர் சாண்ட்ஸ் பிள்ளைகளுக்கு அருமையான கடற்கரை. தென்கிழக்கு இங்கிலாந்தில் பெரும்பாலான கரைகள் கூழாங்கல்லாக இருக்க, ரை நகருக்குப் பக்கத்தில் உள்ள இந்த இடத்தில் மைல் கணக்கில் மணலும் பின்னால் உயர்ந்த மணல் மேடுகளும் இருக்கின்றன. ஆனால் 2016 ஆகஸ்ட் 24 அன்று, லண்டனிலிருந்து ஒரு நாள் பொழுதைக் கழிக்க இங்கே வந்த ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் உயிரிழந்தார்கள். அன்று கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து கடலில் உயிர்காக்கும் தொண்டு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.-யின் உயிர்காப்பாளர்கள் கோடையில் பணியில் இருக்கிறார்கள். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. இந்தக் கடல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை நம் குடும்பங்களில் பலர் இன்னும் அறியாமல் இருப்பதால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வளர்ந்தவர்களுக்குக் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே நீர்மட்டம் ஒரு நாளில் மாறுவது அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான். கேம்பர் இருக்கும் ரை விரிகுடாவில், பெரிய ஓத நாட்களில் (ஓதம் என்பது இந்த ஏற்ற இறக்கம்) அது ஆறு மீட்டரைத் தாண்டும், அதாவது இரண்டு மாடி உயரம். கரையோ கிட்டத்தட்டத் தட்டையானது. அதனால் நீர் வற்றும்போது கடல் அரை மைல் தூரம்வரை பின்வாங்குகிறது. திரும்பி வரும்போது அவ்வளவு தூரத்தையும் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அந்த ஆறு மணியிலும் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் மணி நேரத்தில் மெல்ல ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். 'இப்போதுதானே தண்ணீர் அங்கே இருந்தது' என்று ஆட்கள் திகைப்பது இந்த நேரத்தில்தான்.

இன்னும் கவனிக்க வேண்டியது மணல் திட்டுகள். நீர் வற்றிய பிறகு கடலை நோக்கி நடந்து பாருங்கள்: ஈர மணலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் நீண்ட பள்ளம் ஒன்று வரும். அதைத் தாண்டினால் மறுபடி உயர்ந்த, உறுதியான மணல். பந்து விளையாட அதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். கடல் திரும்பும்போது அந்தத் திட்டின் முன்பக்கம் அலை சிறிதாகவே வரும். கண்ணுக்கு முன்னால் ஆபத்து எதுவும் தெரியாது. ஆனால் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை முதலில் நிரப்பும். திட்டில் நிற்பவருக்கு நீர் முழங்காலைத் தொடும்போது, கரைக்குத் திரும்பும் வழியில் அது பெரியவருக்கே தலைக்கு மேல் இருக்கலாம், இழுப்பும் இருக்கலாம். ஆகவே பிள்ளைகளோடு தொலைவான மணலுக்குப் போனால் அடிக்கடி திரும்பிக் கரைப்பக்கம் பாருங்கள். நீர் முழுவதும் வற்றும் நேரம் எதுவோ, அதுவே நீங்கள் கரையை நோக்கி நடக்கத் தொடங்கும் நேரம்.

அந்த நேரத்தை எங்கே பார்ப்பது? இணையத்தில் கேம்பர் அல்லது ரை என்று தேடினால் ஒவ்வொரு நாளின் ஓத அட்டவணையும் கிடைக்கும். பூங்கா வரவேற்பறையில் கேட்டாலும் சொல்வார்கள். உயர் ஓதம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், திங்களன்று பார்த்த நேரம் வியாழனுக்கு உதவாது. மாமியின் நாட்காட்டியும் இதற்கு நல்ல துணை. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாட்களில்தான் ஓதம் மிகப் பெரிதாக இருக்கும், அந்த நாட்களில் இங்கே கடல் முழுதாக ஏறி நிற்பது நண்பகலை ஒட்டி. அப்படியானால் காலை முழுவதும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுடன் இறங்க, கடல் வற்றத் தொடங்கிய பிற்பகல்தான் ஏற்றது. அட்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழாகும்: நண்பகலில் மணல் அகலமாகக் கிடக்கும், பிற்பகலில் கடல் ஏறும். துல்லியமான மணிக்கு அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

கொடிகளை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒன்பது வயதுக்கு அது எளிதாகப் பிடிபடும். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டுமே குளிக்க வேண்டும். முழுச் சிவப்பு என்றால் கடலில் கால் வைக்கக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அலைப்பலகை, படகுகளுக்கானவை. குளிப்பவர்கள் அங்கே போகக் கூடாது. காற்றின் திசை காட்டும் செம்மஞ்சள் நிறத் துணிக்குழாய் பறந்தால், காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். அன்றைக்குக் காற்றடைத்த மிதவை எதையும் தண்ணீருக்கு எடுத்துச் செல்லாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தக் கரையில் அன்னப்பறவை, முதலை வடிவ மிதவைகளே வேண்டாம்; அவை நீச்சல் குளத்தோடு இருக்கட்டும்.

யாராவது தத்தளித்தால் பின்னால் நீந்திப் போகாதீர்கள். உயிர்காப்பாளரை அழையுங்கள், அவர் இல்லாவிட்டால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள். தண்ணீரில் இருப்பவர் தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய, மல்லாந்து மிதந்தபடி மூச்சை நிதானப்படுத்த வேண்டும். இதைப் பூங்கா நீச்சல் குளத்தில் மகனோடு சேர்ந்து நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். வெயில் நாட்களில் இங்கே கூட்டம் அலைமோதும், மணல் மேடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். சின்னவளின் கையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

இனி கேரவனுக்கு வருவோம். நீங்கள் எடுக்கப்போவது ஓரிடத்தில் நிறுத்திவைத்த, நகராத வீடு. பொதுவாகப் பன்னிரண்டடி அகலம், முப்பத்தைந்தடியை ஒட்டிய நீளம். 'ஆறு பேர்' என்ற கணக்கில் ஓர் இரட்டைக் கட்டில் அறை, இரண்டு ஒற்றைக் கட்டில்கள் உள்ள அறை, மீதி இருவருக்குக் கூடத்தில் விரிக்கும் சோபா. அந்தச் சோபாதான் பிரச்சினை. அதில் படுப்பவர் மற்றவர்கள் எல்லாம் தூங்கப் போன பிறகுதான் படுக்க முடியும், முதலில் தேநீர் போடுபவர் எழுப்பிவிடுவார். மாமியை அதில் படுக்க வைக்கக் கூடாது. தாழ்வான அந்தப் படுக்கையிலிருந்து முழங்கால் வலியோடு எழுவது கொடுமை. ஒற்றைக் கட்டில்களும் குறுகியவை, பல கேரவன்களில் இரண்டடிக்குச் சற்று மேல்தான். நடுவில் ஒருவர் நிற்க மட்டும் இடம் இருக்கும்.

ஆகவே மூன்று படுக்கையறை உள்ள கேரவனை எடுங்கள். ஒரு தட்டுக் குறைந்த தரமாக இருந்தாலும் பரவாயில்லை. மாமிக்குத் தனி அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை, உங்களுக்கு ஓர் அறை. உயர்ந்த தரம் என்பதில் பெரிய தொலைக்காட்சி, பாத்திரம் கழுவும் இயந்திரம், புதிய மெத்தை இருக்கைகள் எல்லாம் வரும். அவற்றில் எனக்கு மதிப்புள்ளதாகத் தெரிவது ஒன்றுதான்: எல்லா அறைகளுக்கும் வெப்பமூட்டும் வசதி. பழைய கேரவன்களில் கூடத்தில் மட்டும் ஓர் எரிவாயுக் கணப்பு இருக்கும். சுவர் மெல்லியது, ஆகஸ்டிலேயே விடியற்காலையில் குளிர் உறைக்கும். முன்பதிவுக்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு (ஹாட் டப்) பணம் கொடுக்காதீர்கள்.

கூடவே தொலைபேசியில் கேட்க வேண்டியவை: வாசலுக்கு எத்தனை படிகள், பிடிகம்பி உண்டா, சாய்தளம் உள்ள கேரவன் கிடைக்குமா, இரண்டாவது கழிப்பறை இருக்கிறதா. ஐந்து பேருக்கு ஒரே கழிப்பறை என்றால் காலை நேரம் முழுவதும் வரிசைதான். கேளிக்கை மண்டபத்துக்குப் பக்கத்து இடமும் வேண்டாம். இரவு வெகுநேரம் பாட்டுச் சத்தம் கேட்கும். சில பூங்காக்களில் இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் நிலையில் அது கொடுக்கத் தக்க பணம். நீச்சல் குளத்துக்கும் மாலை நிகழ்ச்சிகளுக்கும் ஆளுக்கொரு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருக்கலாம். விளம்பர விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துவாய்கள் பெரும்பாலும் நீங்களே கொண்டுபோக வேண்டியவை. சின்னவளின் கட்டிலுக்குத் தடுப்பு இருக்காது. வீட்டில் உள்ளதை எடுத்துச் செல்லுங்கள்.

சமையல் தாராளமாகச் செய்யலாம். நான்கு எரிவாயு அடுப்பும் சிறிய வெதுப்பியும் இருக்கும். ரைஸ் குக்கர் கொண்டுபோங்கள். ஆனால் கேத்தல், மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்படலாம், கேரவனுக்கு வரும் மின்வலு வீட்டைவிடக் குறைவு. தாளிப்புப் புகைக்குப் புகை எச்சரிக்கை மணி உடனே அலறும். அதைத் துணியால் மூடாதீர்கள், கழற்றாதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். இரண்டு மூன்று கறிகளை வீட்டிலேயே சமைத்து உறையவைத்துக் கொண்டுபோனால் எண்ணெய் வேலையே குறைந்துவிடும். பூங்காக் கடையில் விலை கூடும். காய்கறிக்கு ரைக்குப் போங்கள்.

எரிவாயு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேரவன்களில் வருவது பெரும்பாலும் சிலிண்டர் வாயு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியேறத்தான் தரையிலும் சுவரின் அடிப்பாகத்திலும் காற்றுத் துளைகள் வைத்திருக்கிறார்கள். குளிர் வருகிறது என்று பையையோ கம்பளத்தையோ வைத்து அவற்றை அடைக்காதீர்கள். போனதும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அணைந்ததுபோல் தெரியும் கரி அடுப்பை மழைக்காக உள்ளே எடுத்து வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமே இல்லை.

பாடசாலை நாட்களைப் பொறுத்தவரை, திங்கள் முதல் வெள்ளி என்ற உங்கள் திட்டம்தான் சிக்கல். ஐந்து பாடசாலை நாட்கள் அனுமதியின்றித் தவறினால், இங்கிலாந்தில் அபராதம் விதிக்கப் பரிசீலிக்கும் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து முதல் முறை அபராதம் 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்ட், அதன் பிறகு 28 நாட்களுக்குள் 160 பவுண்ட். இது ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக. கட்டாயக் கல்வி வயதை இன்னும் எட்டாத மகளுக்கு இது பொருந்தாது, மகனுக்குப் பொருந்தும். மகனின் பாடசாலை நாட்காட்டியில் செப்டம்பரின் முதல் நாட்களைப் பாருங்கள். பல பாடசாலைகள் ஆசிரியர் பயிற்சி நாளோடு தொடங்குவதால், ஆகஸ்ட் கடைசி வங்கி விடுமுறைக்குப் பிந்திய சில நாட்கள் மிஞ்சும். விலை இறங்கத் தொடங்கும் காலம் அது, கடலும் ஆண்டிலேயே மிகவும் வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பு என்றாலும் 17, 18 பாகைதான். நான்கு வயதுக்குப் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிடும். இருவருக்கும் நீச்சல் குளிர்காப்பு உடை வாங்குங்கள். உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நாட்களையும் மணிகளையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளாவது மழை பெய்யும். அன்று ரோம்னி, ஹைத், டிம்சர்ச் குட்டி ரயிலுக்குப் போங்கள். 1927-இல் தொடங்கியது, பதினைந்தே அங்குல அகலத் தண்டவாளம், உண்மையான நீராவி எஞ்சின். ஹைத்திலிருந்து டஞ்சனெஸ் கலங்கரை விளக்கம்வரை பதின்மூன்றரை மைல் ஓடுகிறது. கேம்பரிலிருந்து காரில் டஞ்சனெஸ் முனைக்குப் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். பெட்டிகள் சிறியவை, இருக்கைகள் தாழ்வு. டிக்கெட் எடுக்கும்போதே மாமியின் முழங்காலைச் சொல்லி, ஏறி இறங்க வசதியான பெட்டியைக் கேளுங்கள்.