பத்து ஆண்டு பழைய கணினி, காலையில் நான்கைந்து முறை பொத்தானை அழுத்தினால்தான் இயங்குகிறது. பவர் சப்ளை பழுதா, அதைப் பிரித்துச் சரிசெய்யலாமா?

முதல் அழுத்தலில் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுவதும், ஒருமுறை இயங்கத் தொடங்கிவிட்டால் மாலை வரை தொல்லையின்றி ஓடுவதும்தான் அறிகுறி என்றால், நான் மதர்போர்டையும் ரேமையும் தொடுவதற்கு முன் பவர் சப்ளையைத்தான் சந்தேகிப்பேன். என்னுடைய பழைய கணினி ஏறத்தாழ ஓராண்டு இப்படியே இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஓராண்டில் நான் விண்டோஸை இரண்டு முறை மறுபடி நிறுவினேன் என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பவர் சப்ளைக்குள் இருக்கும், மின்னைச் சேமித்து வைக்கும் அலுமினிய மின்தேக்கிகளில் (கப்பாசிட்டர்) ஈரமான வேதிக் கரைசல் இருக்கிறது. வெப்பத்தால் அது ஆண்டுக்கணக்கில் வற்றிக்கொண்டே வர, மின்தேக்கியின் உள் மின்தடை கூடுகிறது. குளிர்ந்த நிலையில் அந்தத் தடை இன்னும் அதிகம் என்பதால்தான் காலையில் அடம்பிடிக்கும் கணினி, சற்றுச் சூடேறியதும் சரியாகிவிட்டதுபோல் நடந்துகொள்கிறது. இதில் பெரும்பாலும் முதலில் தளர்வது ஊதா நிறக் கம்பிக்கு 5 வோல்ட் தரும் காத்திருப்புச் சுற்று (ஸ்டாண்ட்பை). கணினியை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை அதற்கு ஓய்வே கிடையாது. பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய கணினி, இடம் மாற்றுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கிய மறுநாள் எழாமல் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் காகிதக் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள். அதில் விசிறி சுற்றினால் பவர் சப்ளை முற்றிலும் செத்துவிடவில்லை என்று மட்டுமே பொருள். கணினி ஓடும்போதே, பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முனை இணைப்பியின் பின்புறமாக மல்டிமீட்டரின் முனையை நுழைத்து அளப்பதே பயனுள்ளது. ஆனால் முனை நழுவிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடக் கூடாது. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தாலும் உடனே நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். வற்றிய மின்தேக்கியால் உண்டாகும் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் அலைவு அதில் தெரியாது. என் கணினியில் மஞ்சள் கம்பி 11.9 காட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே திரை அணைந்து மறுபடி துவங்கியது. நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தபோதுதான் ஐயம் தீர்ந்தது.

கழற்றிய பழையதை நான் பிரித்தும் பார்த்தேன். கம்பிக் கற்றைக்கு அருகே, காற்று படாத மூலையில், இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. ஒன்றில் கூட்டல் குறி வடிவக் கீறல் பிளந்து, காய்ந்த பழுப்புக் கறை ஒட்டியிருந்தது. ஆனால் பற்றவைப்பில் (சால்டரிங்) பழக்கமில்லாதவர் இதைப் பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 230 வோல்ட் இணைப்பில் உள்ளேயிருக்கும் பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னேற்றம் பெறக்கூடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதை வைத்திருக்கக்கூடும்.

ஆகவே மாற்றிவிடுங்கள். பத்து ஆண்டுக் கணினிக்கு, பெட்டியில் பொருந்தும் அளவில், தரமான புதிய பவர் சப்ளையே போதும். இதைவிடப் பழைய, 2000ஆம் ஆண்டை ஒட்டிய கணினி யாரிடமாவது இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பல, செயலிக்கான மின்சாரத்தை 5 வோல்ட்டிலிருந்தே எடுத்தன. இன்றைய பவர் சப்ளைகள் 12 வோல்ட்டையே நம்பிச் செய்யப்படுவதால், மொத்த வாட் அளவைப் பார்த்து வாங்காமல், பக்கவாட்டு அட்டவணையில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று படித்து வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் பெருநிறுவனங்கள் தயாரித்த கணினிகள் சிலவற்றில் இணைப்பி ஒரே தோற்றத்தில் இருந்தும் கம்பி வரிசை வேறாக இருந்தது. வண்ணங்களை ஒப்பிடாமல் அவற்றில் புதியதைச் செருகினால் மதர்போர்டு கருகிவிடும்.