பசங்கள பியானோ கிளாஸ்ல சேக்கறதுக்கு முன்னாடி: அப்பா அம்மாங்க கேட்ட சில கேள்விகள்

சென்னைல வீட்லயே பியானோ சொல்லிக் குடுக்கறேன், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதும் நிறைய வந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன்.

பொண்ணுக்கு நாலரை வயசு. இப்பவே சேக்கலாமா, விட்டா லேட் ஆயிடுமா? (மடிப்பாக்கம்)

லேட்டெல்லாம் ஆகாதுங்க. நான் வயச பாக்கறத விட, குழந்தை 15 நிமிஷம் ஒரே இடத்துல உக்காருதா, வலது கை இடது கை தெரியுதா, நாலாவது விரல மட்டும் தனியா அசைக்க முடியுதான்னு தான் பாப்பேன். பியானோல விரலுக்கு நம்பர் உண்டு, கட்டை விரல் 1, சுண்டு விரல் 5, ரெண்டு கைக்கும் அதேதான். அதனால ஒரு கை மேல ஏறும்போது 1, 2, 3ன்னு போகும், இன்னொரு கை 3, 2, 1ன்னு போகும். நாலு வயசுல இது சில குழந்தைங்கள அழ வெச்சுடும். ஆறு ஏழு வயசுல ஆரம்பிச்ச பசங்க கொஞ்ச மாசத்துலயே நாலு வயசுல ஆரம்பிச்சவங்க பக்கத்துல வந்து நிக்கறத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அதுவரைக்கும் வீட்ல சேந்து பாடுங்க, கை தட்டி தாளம் போடுங்க, அதுவே பாதி பாடம்.

வீட்ல 61 கீ கீபோர்டு இருக்கு, அது போதுமா இல்ல பியானோ வாங்கணுமா?

இத கேட்டு மட்டும் ஏழெட்டு பேர். கொஞ்சம் விவரமா சொல்றேன்.

பியானோல 88 கீ, 52 வெள்ளை, 36 கறுப்பு. ஆனா எண்ணிக்கைய விட கீயோட கனம் தான் முக்கியம். நிஜ பியானோல கீய அழுத்தினா உள்ள ஃபெல்ட் சுத்தின ஒரு சுத்தியல் போய் கம்பிய அடிக்கும், மெதுவா அழுத்தினா மெதுவா, வேகமா அழுத்தினா சத்தமா, அதாவது சத்தம் முழுக்க விரல்ல இருந்து வருது. சாதா கீபோர்டுல ஸ்ப்ரிங் தான், லேசா தட்டினாலே போதும். அதுலயே ஒரு வருஷம் பழகின பையன் கிளாஸுக்கு வந்து பியானோ முன்னாடி உக்காந்தா விரல் அமுங்காது, பாதி நோட்டு கேக்காது, "வீட்ல நல்லா வாசிச்சேன் மிஸ்"னு முகம் வாடிப்போயிடும். அவன் சொல்றது நிஜம், நல்லாதான் வாசிச்சிருப்பான்.

அதனால மொத ஆறு மாசம் இருக்கற 61 கீலயே ஓட்டுங்க, ஆனா அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. குழந்தை தொடர்ந்து வாசிக்குதுன்னு தெரிஞ்சா 88 வெயிட்டட் கீ (நிஜ பியானோ மாதிரி கனமான கீ) இருக்கற டிஜிட்டல் பியானோ வாங்குங்க, பெடல் வேணும், ஆடாத ஸ்டாண்ட் வேணும். ஃப்ளாட்ல இருக்கறவங்க ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக்கலாம். ஆன்லைன்ல ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி குழந்தைய கூட்டிட்டு போய் கடைல நாலஞ்சு மாடல் தொட்டுப் பாக்க வைங்க. மவுண்ட் ரோடுல 1842ல இருந்து இருக்கற மியூசி மியூசிக்கல் மாதிரி கடைக்கு ஒரு சனிக்கிழமை போயிட்டு வந்தாலே வித்தியாசம் விரலுக்கே புரிஞ்சுடும்.

கம்பி போட்ட நிஜ பியானோ யாராவது சும்மா குடுக்கறேன்னு சொன்னா உடனே வண்டி பிடிக்காதீங்க. உள்ள 200க்கு மேல கம்பி, எல்லாம் இழுத்துக் கட்டி இருக்கும், அதோட கம்பி சுத்தியிருக்கற ட்யூனிங் பின் மரத்துல லூசா போயிருந்தா எத்தன தடவ ட்யூன் பண்ணாலும் நிக்காது. ஒரு ட்யூனர வெச்சு பாத்துட்டு அப்பறம் சரின்னு சொல்லுங்க. நம்ம ஊர் ஈரக் காத்துக்கு மரம் உப்பும், வெயிலுக்கு சுருங்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ட்யூன் பண்ணணும். ஜன்னல் பக்கத்துலயும் ஏசி காத்து நேரா படற இடத்துலயும் வைக்காதீங்க. கரையானும் எலியும் ஃபெல்ட்ட விடாது, பின்பக்கத்த அப்பப்ப டார்ச் அடிச்சு பாருங்க.

இன்னொண்ணு, யாருமே கேக்காதது. டைனிங் சேர்ல உக்கார வைக்காதீங்க. முழங்கை கீ உயரத்துக்கு வரணும், கால் தொங்கக்கூடாது. காலுக்கு கீழ ஒரு மணை போட்டா போதும், கால் தொங்கினா தோள் இறுகும், தோள் இறுகினா விரல் ஓடாது.

8 வயசு பையன், கிளாஸுக்கு சந்தோஷமா போறான், வீட்ல பிராக்டிஸ்னு சொன்னா அழுகை. எங்களுக்கு மியூசிக் ஒண்ணும் தெரியாது, எப்படி உதவறது?

எனக்கு ரொம்ப முக்கியமா படற கேள்வி இதுதான். வாரத்துக்கு அரை மணி நேரம் தான் டீச்சர் கூட, மீதி ஆறு நாள் உங்க வீட்ல. பியானோ கத்துக்கறது வீட்ல தான் நடக்குது, கிளாஸ்ல நாங்க வழி காட்டி தப்ப திருத்தறோம், அவ்ளோதான். எவ்ளோ பெரிய டீச்சர்கிட்ட சேத்தாலும் இதுல மாத்தம் இல்ல.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வேண்டாம். தினம் 10, 15 நிமிஷம், ஒரே நேரத்துல, ஸ்கூல் கெளம்பறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது. பியானோவ உள் ரூம்ல போட்டு கதவ சாத்தாதீங்க, ஹால்லயே இருக்கட்டும், குழந்தைக்கு தனியா தண்டனை அனுபவிக்கற மாதிரி இருக்கக்கூடாது. நீங்க பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சாலும் சரி, இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்.

மியூசிக் தெரியாட்டியும் செய்யக்கூடிய பெரிய உதவி, "மொதல்ல இருந்து வாசி"ன்னு சொல்றத நிறுத்தறது. தப்பு வரும்போதெல்லாம் மொதல்ல இருந்து ஆரம்பிச்சா மொத வரி நூறு தடவ வாசிச்சிருப்பான், கடைசி வரி அஞ்சு தடவ தான். அதனாலதான் எல்லா குழந்தையும் ஆரம்பத்துல ஜோரா வாசிச்சு கடைசில தடுமாறுது. கடைசி வரில இருந்து ஆரம்பிக்க சொல்லுங்க, வலது கை தனியா, இடது கை தனியா, அப்பறம் ரொம்ப மெதுவா ரெண்டும் சேத்து. நாலு பார் (நோட்டுல கோடு போட்டு பிரிச்ச சின்ன கட்டம்) ஒழுங்கா வந்தா அன்னிக்கு அது போதும், எழுந்து விளையாட போகட்டும்.

திட்டியோ அடிச்சோ வேண்டவே வேண்டாம். நான் சின்ன வயசுல கத்துக்கிட்ட எடத்துல மணிக்கட்டு எறங்கினா மரஸ்கேலால ஒரு அடி விழும், இத்தன வருஷம் ஆகியும் வேகமான இடம் வந்தா என் வலது மணிக்கட்டு தானா இறுகுது. அத எந்த குழந்தைக்கும் குடுக்க எனக்கு மனசு வராது.

வீட்டுக்கு வர்ற சார், டிஸ்டர்ப் ஆகுதுன்னு ரூம் கதவ சாத்திக்கறார். நல்லவர் தான், ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. சந்தேகப்படறது தப்பா? (கோயம்புத்தூர்)

தப்பே இல்லங்க. கதவு தொறந்து இருக்கணும், இது எல்லா டீச்சருக்கும் பொது விதி, எனக்கும் சேத்து. "எங்க வீட்ல கதவு சாத்தற வழக்கம் இல்ல சார்"னு சாதாரணமா சொல்லுங்க, நல்ல டீச்சர் ஒரு நொடில சரின்னுடுவாங்க. மணிக்கட்ட சரி பண்ண தொடணும்னா குழந்தைகிட்ட கேட்டுட்டு தொடணும், பெரும்பாலும் தன் கையால செஞ்சு காட்டினாலே போதும். கிளாஸ் முடிஞ்சதும் "இன்னிக்கு என்ன பண்ணீங்க"ன்னு தினமும் கேக்கற பழக்கம் வெச்சுக்கோங்க, பையனா இருந்தாலும். ஏதாவது தப்பா தோணினா குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு கூப்பிடலாம். குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற போக்சோ சட்டம் 18 வயசுக்கு கீழ உள்ள ஆண் பெண் எல்லா குழந்தைக்கும் பொருந்தும். மரியாதைக்காக வாய மூடிட்டு இருக்காதீங்க, ப்ளீஸ்.

ரெண்டு வருஷத்துல கிரேடு 5 முடிச்சுத் தரோம்னு ஒரு கிளாஸ்ல சொல்றாங்க, நம்பலாமா?

சில குழந்தைங்களால முடியும். ஆனா அப்படி உறுதி குடுக்கறவங்ககிட்ட நான் என் குழந்தைய அனுப்ப மாட்டேன்.

இங்க அதிகமா எழுதறது ட்ரினிட்டி காலேஜ் லண்டன், அப்பறம் ஏபிஆர்எஸ்எம், ரெண்டும் மியூசிக் பரீட்சை நடத்தற இங்கிலாந்து அமைப்புங்க. ரெண்டுலயும் இனிஷியல்ல ஆரம்பிச்சு 8 வரைக்கும் கிரேடு. ட்ரினிட்டி பியானோ பரீட்சைல 100க்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்ல 150க்கு 100, 120, 130. ஒவ்வொரு கிரேடும் வரிசையா எழுதியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, இது நிறைய பேருக்கு தெரியல, ரெண்டு கிரேட விட்டுட்டு நேரா அடுத்தது போகலாம். ஏபிஆர்எஸ்எம்ல கிரேடு 6 போகணும்னா பெரும்பாலும் பசங்க கிரேடு 5 தியரிய முடிச்சுட்டு தான் போவாங்க, அத கடைசி நேரத்துல சொல்ற கிளாஸும் உண்டு. ட்ரினிட்டில எலெக்ட்ரானிக் கீபோர்டு தனி சிலபஸ், பியானோ தனி. அப்ளிகேஷன்ல எது எழுதியிருக்குன்னு நீங்களே பாருங்க, நாலு வருஷம் கழிச்சு தெரிஞ்சு வருத்தப்பட்ட குடும்பம் இருக்கு.

பிரச்சன என்னன்னா, வருஷம் முழுக்க அந்த பரீட்சை பாட்டு மூணே மூணுதான் வாசிக்கறாங்க. கிரேடு 4 சர்ட்டிஃபிகேட் செவுத்துல மாட்டியிருக்கும், கிரேடு 1 லெவல் புது பாட்ட எடுத்து வெச்சா படிக்க தெரியாது. கிளாஸ் நல்லா போகுதான்னு பாக்க இதுதான் சோதனை, குழந்தைக்கு முன்னாடி தெரியாத ஒரு சின்ன பாட்ட குடுங்க, தட்டுத் தடுமாறியாவது தானா கண்டுபிடிச்சு வாசிக்குதா? ரெண்டு பரீட்சைக்கு நடுவுல சின்ன சின்ன பாட்டா ஒரு பத்தாவது வாசிக்க வைக்கறாங்களான்னு டீச்சர்கிட்ட கேளுங்க.

பாட்டி கர்நாடக சங்கீதம் சொல்லித் தர்றாங்க, பியானோவும் சேந்தா குழம்பிடுமா?

எனக்கு வர்ற நல்ல காது உள்ள பசங்க பாதி பேர் இப்படி பாட்டிகிட்ட பாடினவங்க தான். ஒரு வித்தியாசத்த மட்டும் மொதல்லயே சொல்லிடுங்க. பாட்டுல ச எங்க வேணா வெச்சுக்கலாம், பியானோல C-ங்கற கீ எப்பவும் அதே C தான். C-ய ச-ன்னு வெச்சா எல்லா வெள்ளை கீயும் சேந்து சங்கராபரணம் ராகம். அதுலயே ரி-யையும் த-வையும் இடது பக்கத்து கறுப்பு கீக்கு எறக்கினா பாட்டி சொல்லித் தந்த மாயாமாளவகௌளை, சரளி வரிசைய அப்படியே வாசிக்கலாம், பசங்க கண்ணு விரிஞ்சு போகும். கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சு வளைச்சு பாடறது, அது மட்டும் வராது, ரெண்டு கீக்கு நடுவுல பியானோல சத்தமே கிடையாது. அதுக்கு பாட்டி இருக்காங்க. பாட்டு கிளாஸ நிறுத்திடாதீங்க.

லீவு போட்டா ஃபீஸ் குறைப்பாங்களா?

ஆளுக்கு ஆள் மாறும். மாசத்துக்கு எத்தன கிளாஸ், அஞ்சாவது வாரம் வந்தா என்ன, டீச்சர் லீவுன்னா ஈடு கிளாஸ் உண்டா, நிறுத்தணும்னா எவ்ளோ நாள் முன்னாடி சொல்லணும், இத சேரும்போதே வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க. சண்டையே வராது.

ஆன்லைன்ல கத்துக்கலாமா?

ஓரளவு வாசிக்கற பசங்களுக்கு ஓகே, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நேர்ல தான். கேமராவ முகத்துக்கு நேரா வைக்காம பக்கவாட்டுல கையும் முழங்கையும் தெரியற மாதிரி வைங்க, ஜூம்ல ஒரிஜினல் சவுண்ட ஆன் பண்ணுங்க, இல்லன்னா அது பியானோ சத்தத்த இரைச்சல்னு நெனச்சு வெட்டிடும்.

12 வயசு பொண்ணு, அஞ்சு வருஷம் கத்துக்கிட்டா, இப்ப நிறுத்தணும்ங்கறா. விடறதா வேண்டாமா? (திருச்சி)

ஏன்னு கேளுங்க, பதில் வர ரெண்டு நாள் ஆனாலும் காத்திருங்க. பாட்டு பிடிக்கலையா, டீச்சர் பிடிக்கலையா, பரீட்சை பயமா, ஸ்கூல் பாரமா, ஒவ்வொண்ணுக்கும் வழி வேற. ஒரு மூணு மாசம் பரீட்சை இல்லாம அவளுக்கு பிடிச்ச சினிமா பாட்டா வாசிக்க விடுங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டுப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னா விட்டுடுங்க, டீச்சருக்கு நன்றி சொல்லி முறையா முடிச்சுக்கோங்க, கட்டின காச சொல்லிக் காட்டாதீங்க. ஆனா பியானோவ மட்டும் உடனே வித்துடாதீங்க, ஒரு வருஷமாவது ஹால்லயே இருக்கட்டும். என்கிட்ட நிறுத்திட்டு போன ஒரு பையன் பத்து மாசம் கழிச்சு ஒரு பாட்ட காதால கேட்டே ரெண்டு கைலயும் கண்டுபிடிச்சு வாசிச்சிருக்கான், இடது கைல ஒரு இடம் மட்டும் சிக்கலயாம், அத கேக்க தானே சைக்கிள்ல கெளம்பி என் வீட்டுக்கு வந்து நின்னான்.