பரணில் இருப்பதும் பீரோவில் இருப்பதும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாமியார் காலத்துப் பித்தளையும் எவர்சில்வரும் பரண் நிறைய இருக்கின்றன. பீரோவில் கட்டாத பட்டுப் புடவைகள். 'உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்று, தரித்திரருக்குக் கொடு' என்ற வசனம் உறுத்துகிறது. கணவருக்கு இதில் இஷ்டமில்லை. எங்கே தொடங்குவது? (வாசகி, நாசரேத்)

பதில்: அந்த வசனம் (மாற்கு 10:21) ஆஸ்தியை விட மனமில்லாத ஒருவனிடம் இயேசு சொன்னது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு பாதியைக் கொடுக்கிறேன் என்றபோது, மீதியைப் பற்றி இயேசு கேட்கவே இல்லை. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு மீதியைக் கொண்டுவந்த அனனியாவிடமும் சீஷனான பேதுரு, 'அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?' என்கிறார், அவன் மாட்டியது பொய்யால். எனவே உங்கள் சொந்தப் பொருளில் தொடங்குங்கள். பித்தளை கணவருக்கு அம்மாவின் ஞாபகம். அவராக எடுத்துக் கொடுக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பீரோவில் ஒரு தட்டு போதும். வீட்டையே ஒரே சனிக்கிழமையில் கவிழ்த்தால், சாயங்காலம் அலுப்பில் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாதவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதுங்கள். 6 மாதம் திறக்காத பெட்டி யாருக்காவது போகலாம். பத்திரம், சான்றிதழ், போட்டோ அதற்குள் போய்விடாமல் பாருங்கள்.

பட்டுப் புடவை ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் மடிப்பிலேயே இழை விடும். முழுக்க விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டதை யாருக்கும் கொடுக்காதீர்கள், கட்டிய அன்றே கிழியும். அசல் ஜரிகையென்றால் பழைய பட்டு வாங்குகிறவர்கள் வெள்ளிக்காக எடுப்பார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். நல்ல புடவையென்றால் உள்பாவாடையும் ஜாக்கெட் துணியும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் வாங்குகிறவருக்குத்தான் செலவு.

பாத்திரத்தில் ஒரு சிக்கல் உண்டு: கல்யாணச் சீராக வந்தவற்றில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். அதே சபையில் இன்னொரு வீட்டு அடுப்பில் அந்தப் பெயர் தெரிந்தால் மூன்று குடும்பத்துக்கும் சங்கடம். அவற்றைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுப் பணமாகக் கொடுப்பதே மரியாதை. வீட்டிலேயே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

'இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்' என்று யோவான் ஸ்நானகன் சொன்னாரென்றால், உடுத்தக்கூடிய அங்கி என்றுதான் பொருள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. அது தர்மமல்ல, வீட்டைக் காலி செய்த வேலை. துவைத்து, பட்டன் தைத்து, ஆண், பெண், பிள்ளைகள் என்று தனித்தனியாகக் கட்டி, எது தேவை என்று முதலில் ஆயரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: கிழிந்த வேதாகமம், அறுந்த ஜெபமாலை, பழைய குருத்தோலைச் சிலுவை. இவற்றைக் குப்பையில் போடலாமா?

பதில்: வேண்டாம். குருத்தோலையை, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் கொடுத்துவிட்டால், எரித்து அன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்கு எடுத்துக்கொள்வார்கள். மந்திரித்த ஜெபமாலையை, சுரூபத்தை மண்ணில் புதைப்பது கத்தோலிக்க வழக்கம். வேதாகமத்தின் முதல் பக்கங்களைப் பாருங்கள்: தாத்தா எழுதிவைத்த பிறப்பு, ஞானஸ்நானத் தேதிகள் இருந்தால் அது குடும்பத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: சம்பளம் ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. எளிமைக்கு ஏதாவது அளவு உண்டா?

பதில்: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டு வாலிபர் ஒருவரின் கணக்கைச் சொல்கிறார் (அது அவரேதான் என்பார்கள்). வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது செலவு 28, கொடுத்தது 2. அடுத்த ஆண்டு 60 வந்தது. அப்போதும் செலவு 28, கொடுத்தது 32. பிறகு 90, 120 என்று ஏறியும் செலவு 28-ஐத் தாண்டவில்லை. இன்றைய விலைவாசியில் அப்படியே செய்ய முடியாது. வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் கூடத்தான் செய்யும். அந்த உயர்வை மட்டும் கழித்துவிட்டு, மீதி இன்கிரிமெண்டில் பாதியைச் சம்பள நாளிலேயே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.