மருந்து வந்தாப் பிறகும் இயற்கைத் தேர்வு நடக்குதா?

கேள்வி: ஊசி, மருந்து எல்லாம் இருக்கேக்க மனுசருக்கு இனி இயற்கைத் தேர்வு இல்லைத்தானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை தங்கச்சி, அது நிக்கேல்ல. சூழலுக்குப் பொருந்தின ஜீன் உள்ளவை கூடப் பிழைச்சுப் பிள்ளை பெற, அந்த ஜீன் தலைமுறை தலைமுறையாப் பரவுறதுதான் இயற்கைத் தேர்வு. தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தத்தைப் பாருங்கோ, அம்மா அப்பா ரெண்டு பேரிட்டயும் இருந்து அந்த ஜீன் வந்தா பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தவேணும், அந்தச் சின்னக் கையில ஊசி குத்திக் குத்தியே தழும்பாப் போயிடும், ஆனா ஒராளிட்ட இருந்து மட்டும் வந்தா பெரிசா வருத்தமில்லை, மலேரியாவும் லேசில கொல்லாது, அதாலதான் அந்த ஜீன் இலங்கையிலயும் தங்கிட்டுது. 2016ல உலக சுகாதார ஸ்தாபனம் இங்க மலேரியா இல்லையெண்டு அறிவிச்சிட்டுது, அப்ப இனி நட்டம் மட்டும்தான், ஆனா ஜீன் குறைய எத்தினையோ தலைமுறை எடுக்கும். சாதகம் பாக்கிறனீங்கள், கலியாணத்துக்கு முதல் இந்த ஜீன் இருக்கோ எண்டு பாக்கிற ரத்த டெஸ்டையும் ரெண்டு பேரும் எடுங்கோ, கெஞ்சிக் கேக்கிறன்.