பரு மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்?

கேள்வி: முகப்பருவுக்காக இணையத்தில் ஒருவரிடம் மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். பெட்டி இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைகள் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தன. "ஐசோட்ரெட்டினோயின்தான், டாக்டர் கொடுப்பதே" என்றார் விற்றவர். தீபாவளிக்குப் பிறகு குழந்தைக்கு முயலலாம் என்றிருக்கிறோம். எப்போது நிறுத்தினால் போதும்?
– வாசகி, பாயான் லெப்பாஸ், மலேசியா

பதில்: இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், சகோதரி. நாள் தள்ளிப்போயிருந்தால் உடனே கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஐசோட்ரெட்டினோயின் கருவின் மூளை, இதயம், காது, முகம் உருவாவதைக் கெடுக்கக்கூடியது. அதுவும் முதல் சில வாரங்களிலேயே, கரு உருவானது தாய்க்கே தெரியாத நேரத்தில். அதனால்தான் டாக்டர்கள் பரிசோதனை செய்து பார்த்துத்தான் இதைத் தொடங்குவார்கள். தொடங்க 1 மாதம் முன்பிருந்து, முடித்து 1 மாதம் வரை கருத்தடை கட்டாயம்.

சரி, 1 மாதம் பொறுத்தால் போதுமா? உங்களிடம் இருப்பது ஐசோட்ரெட்டினோயின்தான் என்றால் போதும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் என்றால் நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது! விற்றவரின் வாய்ச்சொல்லை நம்பி இதில் முடிவெடுக்க முடியாது. முறையாகப் பதிவான மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி, 8 இலக்கங்களும் கடைசியில் எழுத்தும் கொண்ட எண் இருக்கும். சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பெட்டியே தராதவர் இந்த இரண்டையும் உங்களிடமிருந்து மறைத்துவிட்டார். மீதி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடமோ மருந்தகத்திலோ காட்டுங்கள். எந்தத் தோழிக்கும் கொடுத்துவிடாதீர்கள். இப்போதைக்கு இரத்த தானமும் வேண்டாம்.

அப்புறம், "உடனே நிறுத்துங்கள்" என்பது இந்தப் பரு மாத்திரைக்குத்தான். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பெண்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்தும் கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அதை மாற்றுவது டாக்டரின் வேலை. கருத்தரிக்கும் முன்பே போய்க் கேளுங்கள்.

குழந்தைக்கு முயலப் போகும் நீங்கள், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம், சகோதரி.

டாக்டர் சீட்டு வேண்டிய மருந்தை இப்படி விற்பது குற்றம். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்யுங்கள். விற்றவர் அழித்துவிடும் முன், விளம்பரம், உரையாடல், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பார்சல் உறையையும் வீசிவிடாதீர்கள். அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும்.