தண்ணீர் ஊசி

கேள்வி: தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் நான். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மா, வலி தாங்காமல் பெல் அடித்துக்கொண்டே இருந்தார். சீனியர் சொன்னபடி டிஸ்டில்டு வாட்டரைப் போட்டுவிட்டு, வலி ஊசி என்றேன். அரை மணியில் தூங்கிவிட்டார். "பார்த்தியா, வலியே இல்லை" என்கிறார் சீனியர். எனக்கு மனசு கேட்கவில்லை. செய்தது தப்பா அக்கா?

பதில்: தப்புதான் தங்கச்சி. தண்ணீர் ஊசியில் வலி அடங்கினால், வலி பொய் என்று ஆகிவிடாது. 1978இல் அமெரிக்காவில் ஞானப் பல் பிடுங்கியவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதில் வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபின் என்ற வலி மருந்தைத் தடுக்கும் நாலொக்சோனைப் போட்டதும் வலி கூடியது. அப்படியென்றால், மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் உடம்பே மார்ஃபின் மாதிரி ஒன்றைச் சுரந்திருக்கிறது. வலியும் நிஜம், குறைந்ததும் நிஜம். அதோடு, ஆபரேஷனுக்குப் பிறகு கூடுகிற வலி உள்ளே ரத்தக் கசிவுக்கும் அடையாளமாக இருக்கலாம். பல்ஸ், பிபி பார்த்தீர்களா? கேஸ் ஷீட்டில் என்ன எழுதினீர்கள்?

நானும் இதைச் செய்திருக்கிறேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன பாட்டி ஒருவர். டிரேயில் கிடந்த குப்பியை அவர் பேத்தி எடுத்துப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து எந்த ஊசி கொண்டுபோனாலும் பாட்டி குப்பியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அப்புறம் நிஜ மருந்து போட்டும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நம்பிக்கையைப் பயன்படுத்தவே கூடாதா என்றால், தாராளமாகப் பயன்படுத்துங்கள், நிஜ மருந்தோடு. இத்தாலியின் டூரினில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழுவினர், ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரே வலி மருந்தைத் தெரியாமல் மெஷின் வழியாகவும், பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தபோது குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. அதனால் டிரிப்பில் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு நகராதீர்கள். "இது வலிக்கான மருந்தும்மா, கொஞ்ச நேரத்தில் குறைய ஆரம்பிக்கும்" என்று சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். அரை மணி கழித்து வருகிறேன் என்றால் கட்டாயம் வாருங்கள். அடுத்த டோஸுக்கு நேரமாகவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மா இன்னும் வார்டில் இருந்தால், இன்றைக்கே டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, வலி மருந்தை மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள்.