மூலப்பத்திரம் யார் கையில்?

கே: வரலாற்றில் 'பாலஸ்தீனம்' என்று ஒரு நாடே இருந்ததில்லை. 'பாலஸ்தீனர்' என்பதே 1960-களில் அரசியலுக்காக உண்டாக்கிய அடையாளம். யூதர்கள் தங்கள் பூர்வீக மண்ணுக்குத் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். இந்த எளிய உண்மையை எழுத உங்களுக்கு என்ன தயக்கம்?
- வாசகர் ஒருவர், ஈரோடு

ப: உங்கள் கடிதம் வந்த அதே தபாலில் திருச்சி வாசகர் ஒருவரின் கடிதமும் இருந்தது. 'யூதர் என்று ஓர் இனமே கிடையாது, அது வெறும் மதம். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கும் அந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறார். அவரும் கடைசியில் 'இந்த எளிய உண்மையை எழுத என்ன தயக்கம்' என்றுதான் முடித்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு. பழைய காசு சேர்க்கும் நண்பர் வீட்டில், பிரிட்டிஷ் ஆட்சியில் பாலஸ்தீனத்தில் புழங்கிய 1927-ம் வருடத்துப் பத்து மில் காசு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நம் ஓட்டைக் காலணா போல நடுவில் துளை. ஆங்கிலம், அரபி, ஹீப்ரு மூன்றிலும் 'பாலஸ்தீனம்' என்று பொறித்திருக்கும். ஹீப்ருவில் மட்டும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து: அலெஃப், யோத். 'எரெட்ஸ் இஸ்ராயேல்', அதாவது இஸ்ரேல் மண் என்பதன் சுருக்கம். அது போதாது என்று யூதர்களுக்கு மனக்குறை. அது எதற்கு என்று அரபியருக்குக் கோபம். இன்றைக்கு நடக்கிற சண்டையை அன்றே ஒரு சல்லிக்காசில் அடித்துவிட்டான் பிரிட்டிஷ்காரன்.

1960-கள் என்கிறீர்கள். அங்குள்ள யாஃபா துறைமுக நகரில் ஈசா அல்-ஈசா என்ற அரபுக் கிறிஸ்தவர் தன் உறவினரோடு சேர்ந்து பத்திரிகை தொடங்கியது 1911-ல். அதன் பெயர் 'ஃபலஸ்தீன்'. யூதர்களும் இந்தப் பெயரைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. 1936-ல் அவர்கள் தொடங்கிய இசைக்குழுவுக்குப் பாலஸ்தீன் ஆர்கெஸ்ட்ரா என்று பெயர். இன்றைய ஜெருசலேம் போஸ்ட் நாளிதழ் 1950 வரை பாலஸ்தீன் போஸ்ட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது.

தனி அரசு இருந்ததில்லை என்பது சரி. நானூறு வருடம் அது ஒட்டோமான் துருக்கியர் கையில் இருந்த நிலம். அந்தக் கணக்குப்படி 1900-ல் இராக்கும் இல்லை, ஜோர்டானும் இல்லை, இஸ்ரேலும் இல்லை. ஆனால் ஆள் இருந்தார்கள். 1922-ல் பிரிட்டிஷார் தலை எண்ணியபோது ஏழரை லட்சம் பேர், அதில் யூதர்கள் சுமார் 84 ஆயிரம். ஐந்து வருடம் முன்னால், யூதர்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் கையெழுத்திட்ட பிரகடனம் ஆங்கிலத்தில் வெறும் 67 சொல். பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபியருக்கு அதில் பெயரே இல்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு. வீட்டில் குடியிருப்பவனை 'மாப்பிள்ளை அல்லாதவர்' என்று அழைத்த மாதிரி.

இப்போது திருச்சி வாசகருக்கு. ரோமாபுரியில் ரோமப் பேரரசன் தீத்துவின் வெற்றி வளைவு இன்றும் நிற்கிறது. கி.பி. 70-ல் ஜெருசலேம் ஆலயத்தை இடித்துவிட்டு, ஏழுகிளை விளக்கை ரோமானியர் தோளில் சுமந்து வருகிற காட்சி அதில் செதுக்கியிருக்கிறது. கொள்ளையடித்தவனே விட்டுப்போன சாட்சி அது. யூதர்கள் பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்ட கதையல்ல. 'எல்லாரும் ஐரோப்பியர்' என்பதும் தப்பு. 1950-51-ல் இராக்கிலிருந்து மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் யூதர்கள் விமானத்தில் இஸ்ரேல் போய் இறங்கினார்கள். அவர்களின் தாய்மொழி அரபி. ஏமனிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் போனார்கள். பக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்தும், மலையாளம் பேசிக்கொண்டே. அங்கிருந்த கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய யூதர்கள் மட்டும் ஆசைப்பட்டா வந்தார்கள்? 1938-ல் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஹிட்லரிடமிருந்து தப்புகிறவர்களை யார் ஏற்பது என்று பேசின. டொமினிகன் குடியரசைத் தவிர ஏறக்குறைய எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

நீங்கள் இருவரும் புதிதாக எதையும் சொல்லவில்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் 1968 சாசனம் யூதர்கள் ஒரு தேசிய இனமே அல்ல என்றது. மறுவருடம் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர், பாலஸ்தீனர் என்று யாரும் இருந்ததில்லை என்றார். இது வெறும் பேச்சோடு போகிற சமாசாரமா? 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றபோது 'வந்தேறிகள்தானே' என்றார்கள். அடுத்து இஸ்ரேல் தொடுத்த போரில் காஸாவில், அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்குப்படி, 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது 'அப்படி ஒரு ஜனமே கிடையாதே' என்றார்கள்.

1967-ல் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் ஹெப்ரோன் என்ற ஊர் இருக்கிறது. ஹீப்ருவில் அந்தப் பெயருக்கு 'நண்பன்' என்ற சொல்லோடு உறவு. அரபியில் அல் கலீல், அதுவும் நண்பன்தான். ஆபிரகாம் கல்லறை அங்கே இருப்பதால் இரண்டு பேருக்கும் புண்ணியத் தலம். 1929-ல் அங்கே 67 யூதர்களைக் கொன்றார்கள். பல யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் அரபு அண்டைவீட்டார்தான். 1994-ல் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேற்றக்காரன் சுட்டுக் கொன்றான். இன்று அதே ஊரில் ஒரே தெருவில் இரண்டு பையன்கள் கல்லெறிந்தால், பாலஸ்தீனப் பையனுக்கு ராணுவ நீதிமன்றம், குடியேற்றக்காரர் வீட்டுப் பையனுக்கு இஸ்ரேலின் சிவில் சட்டம். 1967-லிருந்து நடக்கிற இந்த ஆக்கிரமிப்பை எந்த மூலப்பத்திரத்தைக் காட்டியும் என்னிடம் நியாயப்படுத்த முடியாது. நான் எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

1899 மார்ச்சில், முன்பு ஜெருசலேம் மேயராக இருந்த யூசுஃப் தியா அல்-கலீதி, யூதர்களுக்கென்று ஒரு தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்தின் தலைவர் ஹெர்ட்ஸலுக்குச் சேரும்படி பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினார். அந்த மண்ணில் யூதர்களுக்கு உள்ள உரிமையை யார் மறுக்க முடியும், சரித்திரப்படி அது உங்கள் நாடுதான் என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்தே, அங்கே இப்போது வேறு மக்கள் வாழ்கிறார்கள், ஆண்டவன் பேரால் கேட்கிறேன், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்கிறார். ஹெர்ட்ஸல் அதே மாதம் பதில் போட்டார்: அவர்களை வெளியேற்ற யார் நினைக்கப்போகிறார்கள்? 1948-ல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டும் பயந்து ஓடியும் அகதியானார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின.

கலீதி கடிதத்தைப் பிரதியெடுத்து இருவருக்கும் அனுப்பி வைக்கிறேன். திருச்சிக்காரருக்கு முன்பாதியில் சிவப்புக் கோடு போட்டு, உங்களுக்குப் பின்பாதியில்.